கற்பனை மறு அட்டவணை (தொழில்முறை மல்யுத்தம்)

கற்பனை மறு அட்டவணை என்பது, ஏற்கெனவே நடந்து முடிந்த ஒரு தொழில்முறை மல்யுத்த நிகழ்ச்சியின் போட்டிகளையும் முடிவுகளையும் இரசிகர்கள் தம் எண்ணப்படி மாற்றி அமைத்துப் பார்க்கும் பழக்கமாகும். யார் யாருடன் மோதியிருக்க வேண்டும், பட்டம் யாரிடம் போயிருக்க வேண்டும், எந்தப் போட்டி கடைசியாக வந்திருக்க வேண்டும் என்பன இதில் ஆராயப்படும். மல்யுத்த இரசிகர்கள் இதை 'ஃபேன்டசி புக்கிங்' என்று அழைக்கின்றனர். பழைய நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு மாற்றினால் அது 'ரீபுக்கிங்' எனப்படும்.

இந்திய இரசிகர்களிடையே இவ்வாறு பேசப்படும் நிகழ்ச்சிகளில் ஒன்று, 2017 நவம்பர் 19 அன்று அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டபிள்யூ.டபிள்யூ.இ. நிறுவனம் நடத்திய 'சர்வைவர் சீரிஸ்' ஆகும். இந்திய வம்சாவளியினரான ஜிந்தர் மஹால் அதன் முதன்மைப் போட்டிகளில் ஒன்றில் ப்ராக் லெஸ்னருடன் மோதுவார் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. நிகழ்ச்சிக்குப் பன்னிரண்டு நாள்களுக்கு முன் அது மாற்றப்பட்டது. அந்த மாற்றத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, மறு அட்டவணை எவ்வாறு செய்யப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

புக்கிங் என்றால் என்ன

தொழில்முறை மல்யுத்தத்தில் வெற்றி தோல்வி முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகிறது. அதைத் தீர்மானிக்கும் வேலைக்குப் 'புக்கிங்' என்றும், செய்பவருக்குப் 'புக்கர்' என்றும் பெயர். ஒரு நாள் நிகழ்ச்சியில் இடம்பெறும் போட்டிகளின் முழு வரிசை 'கார்டு' எனப்படும். நல்லவராகக் காட்டப்படும் வீரர் 'ஃபேஸ்', கெட்டவராகக் காட்டப்படுபவர் 'ஹீல்'. ஒருவரைத் தொடர்ந்து வெல்லவைத்து உயர்த்துவது 'புஷ்'. இவையெல்லாம் உண்மை என்பதுபோல் வெளியாரிடம் காட்டிக்கொள்ளும் வழக்கம் 'கேஃபேப்'.

இந்த இரகசியம் நீண்ட காலம் காக்கப்பட்டது. 1989-இல் அந்நிறுவனம் (அப்போது டபிள்யூ.டபிள்யூ.எஃப்.) நியூ ஜெர்சி மாநில சட்டமன்றத்தின் முன், தன் நிகழ்ச்சிகள் போட்டிகள் அல்ல, பொழுதுபோக்கே என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடுகளிலிருந்து விலக்குப் பெறுவதே அதன் நோக்கம். முடிவுகளைச் சிலர் எழுதுகிறார்கள் என்பது வெளிப்படையானபின், 'நாமாக இருந்தால் எப்படி எழுதியிருப்போம்' என்ற கேள்வி இரசிகர்களிடம் இயல்பாகவே எழுந்தது.

உண்மையான மல்லாடலில் இக்கேள்விக்கு இடமில்லை. சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதைப் புறநானூற்றின் 80 முதல் 82 வரையான பாடல்களில் சாத்தந்தையார் பாடியுள்ளார். அங்கே முடிவைக் களம்தான் தந்தது. ஊர்க் குஸ்தியிலும் ஒலிம்பிக் மல்யுத்தத்திலும் அப்படியே. தொழில்முறை மல்யுத்தத்தில் அடியும் வலியும் காயமும் உண்மை. முடிவு மட்டும் எழுதப்பட்டது.

கோதாவும் கூத்தும்

முடிவு தெரிந்த கதையை மக்கள் ஏன் பார்க்கிறார்கள் என்று கேட்பவர்களுக்குக் கடலூர், விழுப்புரம் வட்டாரத்தின் திரௌபதி அம்மன் திருவிழா ஒரு பதிலாகும். அங்கே பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நடைபெறும். நிறைவில், களிமண்ணால் தரையில் பெரிதாகச் செய்யப்பட்ட துரியோதனன் உருவத்தைச் சுற்றிப் படுகளம் நிகழும். துரியோதனன் வீழ்வான் என்பது அங்குள்ள குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் எந்த இரவில் எந்தக் கதை, யார் எந்த வேடம், எந்தக் காட்சியை எவ்வளவு நேரம் நீட்டுவது என்பவற்றில்தான் கூத்தின் வெற்றி இருக்கிறது. மல்யுத்தப் புக்கரின் வேலையும் ஏறக்குறைய இதுவே. வேறுபாடு ஒன்றுதான்: பாரதத்தின் முடிவை யாரும் மாற்ற முடியாது, மல்யுத்தக் கார்டின் முடிவு, நிகழ்ச்சி தொடங்கும் நிமிடம்வரை மாறலாம்.

இந்தியச் சூழல்

1950களிலும் 1960களிலும் தாராசிங், ஹங்கேரியில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த கிங்காங் (எமில் சாயா) ஆகியோரின் 'ஃப்ரீ ஸ்டைல்' குஸ்திகள் தெற்காசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் பெருங்கூட்டத்தைச் சேர்த்தன. பஞ்சாபின் அமிர்தசரஸ் மாவட்டத்தைச் சேர்ந்த தாராசிங் (1928–2012) 1968 மே 29 அன்று பம்பாயில் லூ தெஸ்ஸை வென்றார். 'பெரிய தாராசிங் என்று நினைப்பு' என்று தமிழில் இன்றும் கேலியாகச் சொல்வது அந்தப் புகழின் எச்சமாகும்.

1990களில் செயற்கைக்கோள் தொலைக்காட்சி வழியாக டபிள்யூ.டபிள்யூ.எஃப். தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்தது. வீரர்களின் உயரம், எடை, மார்பளவு, தரவரிசை ஆகியவை அச்சிட்ட சீட்டுகளைப் பள்ளி மாணவர்கள் வாங்கி விளையாடினர். அந்தச் சீட்டாட்டத்தில் யாரும் யாருடனும் மோதலாம். ஒரு வகையில், கற்பனை அட்டவணையின் எளிய வடிவம் அதுவே.

அமெரிக்காவில் ஒவ்வொரு பெரிய நிகழ்ச்சிக்கும் தனித்தனியாகக் கட்டணம் செலுத்திப் பார்த்ததால் அதற்குப் 'பே-பெர்-வியூ' என்று பெயர் வந்தது. இந்தியாவில் அவை வழக்கமான விளையாட்டு அலைவரிசையிலேயே வந்தன. அமெரிக்காவில் ஞாயிறு இரவு நடப்பது இங்கே திங்கள் காலை. சர்வைவர் சீரிஸ் 2017 தொடங்கியபோது இந்திய நேரம் நவம்பர் 20 காலை 5.30 மணி. மஞ்சக்குப்பத்திலோ சிதம்பரத்திலோ இருந்த மாணவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கோ கல்லூரிக்கோ கிளம்பியிருக்க முடியும்.

புகழ்பெற்ற முன்மாதிரி: ரெஸில்மேனியா 8

மறு அட்டவணைப் பேச்சுகளில் நெடுங்காலமாக முன்னிற்பது 1992 ஏப்ரல் 5 அன்று இண்டியானாபொலிஸ் நகரில் நடந்த ரெஸில்மேனியா 8 ஆகும். அதே ஆண்டு சனவரி 19 அன்று ராயல் ரம்பிளில் ரிக் ஃபிளேர் பட்டம் வென்றார். 1980களின் இரு பெரும் நட்சத்திரங்களான ஹல்க் ஹோகனும் ஃபிளேரும் ரெஸில்மேனியாவில் மோதுவர் என்று தொலைக்காட்சியில் அறிவிக்கப்பட்டது. பின்னர் அது கைவிடப்பட்டது. ஹோகன் சிட் ஜஸ்டிஸுடனும், ஃபிளேர் ராண்டி சாவேஜுடனும் மோதினர். சாவேஜ் பட்டத்தை வென்றார். ஹோகன் போட்டி தகுதிநீக்கத்தில் முடிந்தது.

இங்கே மறு அட்டவணை செய்ய விரும்புவோர் பெரும்பாலும் 'ஹோகன் – ஃபிளேர்' என்று எழுதி நிறுத்திவிடுகின்றனர். ஆனால் அவ்வாறு செய்தால் சாவேஜ் – ஃபிளேர் போட்டி இல்லாமல் போகும். அந்நிகழ்ச்சியில் பலராலும் பாராட்டப்படும் போட்டிகளுள் அதுவும் ஒன்று. சிட்டுக்கும் சாவேஜுக்கும் வேறு எதிராளிகளைத் தேட வேண்டும். ஒரு கல்லை உருவினால் சுவர் முழுவதும் அசையும் என்பதே இதன் முதல் பாடம்.

சர்வைவர் சீரிஸ் 2017: நடந்தது என்ன

ஜிந்தர் மஹால் (யுவராஜ் சிங் தேசி) 1986-இல் கனடாவின் கால்கரி நகரில் பஞ்சாபிக் குடும்பத்தில் பிறந்தவர். 2014-இல் டபிள்யூ.டபிள்யூ.இ.யிலிருந்து விடுவிக்கப்பட்டு 2016-இல் திரும்பினார். 2017 மே 21 அன்று 'பேக்லாஷ்' நிகழ்ச்சியில் ராண்டி ஆர்டனை வீழ்த்தி டபிள்யூ.டபிள்யூ.இ. சாம்பியனானார். அதற்கு முன் 2007-இல் கிரேட் காளி வென்றது வேர்ல்டு ஹெவிவெயிட் பட்டம். மஹால் வென்றது நிறுவனத்தின் மிகப் பழைய பட்டம். இந்தியச் சந்தையை மனத்தில் கொண்டே இம்முடிவு எடுக்கப்பட்டது என்று பரவலாகக் கருதப்பட்டது. டிசம்பரில் புதுதில்லியில் நேரடி நிகழ்ச்சியும் திட்டமிடப்பட்டிருந்தது.

அந்த ஆண்டுச் சர்வைவர் சீரிஸ், 'ரா', 'ஸ்மாக்டவுன்' ஆகிய இரு அணிகளுக்கு இடையிலான மோதலாக அமைக்கப்பட்டது. ஸ்மாக்டவுன் சாம்பியனான மஹால், ரா சாம்பியனான லெஸ்னருக்கு அறைகூவல் விடுத்தார். பின்னர் இரண்டு வாரங்களுக்குள் கார்டு பலவாறு மாறியது:

• நவம்பர் 6: செத் ரோலின்ஸ், டீன் ஆம்புரோஸ் இணை, சீசாரோ – ஷேமஸ் இணையிடம் பட்டத்தை இழந்தது. இதனால் ஊசோ சகோதரர்களின் எதிராளிகள் மாறினர்.
• நவம்பர் 7: இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஏ.ஜே. ஸ்டைல்ஸ் மஹாலை வென்று சாம்பியனானார். நிறுவனத்தின் அதிகாரபூர்வப் பட்டியலின்படி வட அமெரிக்காவுக்கு வெளியே இப்பட்டம் கைமாறியது அதுவே முதல் முறை. மஹாலின் 170 நாள் ஆட்சி முடிந்தது.
• நவம்பர் 13: ரா அணியில் ஜேசன் ஜோர்டனுக்குப் பதிலாக ட்ரிபிள் ஹெச் வந்தார்.
• நவம்பர் 14: நடாலியாவை வென்று சார்லட் ஃபிளேர் பெண்கள் சாம்பியனானார். அலெக்ஸா பிளிஸ்ஸின் எதிராளி மாறினார்.

ஹூஸ்டனில் லெஸ்னர் ஸ்டைல்ஸை வென்றார். இருவரும் தனிப் போட்டியில் மோதியது அதுவே முதல் முறை. அது பெரிதும் பாராட்டப்பட்டது. மொத்தத்தில் ரா 4–3 என்று வென்றது. மஹாலுக்கு முதன்மைக் கார்டில் இடமில்லை. டிசம்பர் 9 அன்று புதுதில்லியில் அவர் பட்டம் இல்லாமல் ட்ரிபிள் ஹெச்சுடன் மோதித் தோற்றார். டிசம்பர் 17 அன்று பாஸ்டனில் ஸ்டைல்ஸிடம் மறுபடியும் தோற்றார்.

இரசிகர்களின் மனக்குறை இங்கேதான் எழுந்தது. இந்தியாவை நோக்கி உயர்த்தப்பட்ட ஒரு சாம்பியன், இந்தியாவுக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பே பட்டத்தை இழந்தார். இன்னொரு பக்கம், லெஸ்னர் – ஸ்டைல்ஸ் போட்டியைப் பார்த்த எவரும் அது நடந்திருக்கக் கூடாது என்று சொல்வது அரிது. இரண்டு நியாயங்களும் மோதுவதால்தான் இந்நிகழ்ச்சி மறு அட்டவணைக்கு ஏற்றதாகிறது.

மறு அட்டவணையின் விதிகள்

எழுதப்பட்ட சட்டம் எதுவும் இல்லை. எனினும் நல்ல மறு அட்டவணைகள் பொதுவாகச் சில கட்டுப்பாடுகளுக்கு உட்படுகின்றன.

1. தொடங்கும் நாள்: எந்த நாளிலிருந்து மாற்றம் தொடங்குகிறது என்பதைக் குறிக்க வேண்டும். அதற்கு முன் நடந்தவை நடந்தவையே.

2. அன்று இருந்த ஆள்கள்: காயமுற்றவரையும் ஒப்பந்தத்தில் இல்லாதவரையும் சேர்க்கக் கூடாது. 2017 அக்டோபர் 22 அன்று நடந்த 'டி.எல்.சி.' நிகழ்ச்சிக்குச் சில நாள்கள் முன் ரோமன் ரெயின்ஸும் பிரே வயட்டும் உடல்நலக் குறைவால் விலகினர். கர்ட் ஆங்கிளும் ஏ.ஜே. ஸ்டைல்ஸும் அவர்களுக்குப் பதிலாக வந்தனர். உண்மையான புக்கருக்கு இத்தகைய நெருக்கடி உண்டு; கற்பனைப் புக்கர் அதை மறந்துவிடலாகாது.

3. பின்னறிவைப் பயன்படுத்தாமை: பிற்காலத்தில் பெரிய நட்சத்திரமானவரை அன்றே உச்சியில் வைப்பது எளிது. அன்று கையிலிருந்த தகவலை மட்டும் கொண்டு முடிவெடுக்க வேண்டும்.

4. தொடர்விளைவு: ஒவ்வொரு மாற்றத்தாலும் இடமிழந்தவர் எங்கே போகிறார் என்று சொல்ல வேண்டும்.

5. விலை: மாற்றத்தால் இழப்பது என்ன என்பதையும் எழுத வேண்டும். இழப்பே இல்லாத மறு அட்டவணை பெரும்பாலும் ஆசைப் பட்டியலாகவே இருக்கும்.

ஒரு மாதிரி

மேற்கண்ட விதிகளைச் சர்வைவர் சீரிஸ் 2017-இல் பொருத்திப் பார்க்கலாம். தொடங்கும் நாள் நவம்பர் 7. கீழே உள்ளவை நடந்த செய்திகள் அல்ல. கற்பனைப் பயிற்சி மட்டுமே.

மான்செஸ்டர்: மஹால், தன் துணையாள்களான சிங் சகோதரர்களின் குறுக்கீட்டால் ஸ்டைல்ஸிடமிருந்து தப்பிப் பட்டத்தைக் காப்பாற்றுகிறார். ஏமாற்றப்பட்ட ஸ்டைல்ஸுக்கு ஒரு நியாயமான மனக்குறை கிடைக்கிறது.

ஹூஸ்டன்: மஹால் – லெஸ்னர் போட்டி அறிவித்தபடியே நடக்கிறது. மஹால் நேராக வென்றால் நம்ப இயலாது. ரெஸில்மேனியாவரை சாம்பியனாக வைத்திருக்கக்கூடிய லெஸ்னரின் வலிமையும் சிதையும். மஹால் நேராகத் தோற்றால் தில்லிக்கு வரும் சாம்பியன் அடிவாங்கியவராக வருவார். ஆகவே போட்டி ஏழெட்டு நிமிடங்களில், சிங் சகோதரர்கள் கோதாவுக்குள் புகுவதால் தகுதிநீக்கத்தில் முடிகிறது. வெற்றி லெஸ்னருக்கு. அதன்பின் அவர் சிங் சகோதரர்களைத் தூக்கி எறிகிறார்; மஹால் பட்டத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறார். ஹீல் சாம்பியனுக்கு இது பொருத்தமான முடிவு.

இங்கே ஒரு கணக்கைச் சரிபார்க்க வேண்டும். உண்மையில் கடைசிப் போட்டிக்கு முன் இரு அணிகளும் 3–3 என்று சமமாக இருந்தன. தகுதிநீக்கத்தில் வென்றாலும் புள்ளி ரா அணிக்கே சேர்வதால் சமநிலை குலையாது. கடைசிப் போட்டியின் பரபரப்பு அப்படியே இருக்கும். லெஸ்னரைத் தோற்கடித்து எழுதியிருந்தால் ஸ்மாக்டவுன் அப்போதே 4 புள்ளிகளுடன் வென்றிருக்கும். கடைசிப் போட்டி பொருளற்றதாகியிருக்கும்.

ஸ்டைல்ஸ்: ஸ்மாக்டவுனின் ஐவர் அணியில் ஜான் சீனாவின் இடத்தை ஸ்டைல்ஸுக்குக் கொடுக்கலாம். சீனா அப்போது எந்த அணிக்கும் உரியவராக இல்லாமல், விருந்தினர்போல் சேர்க்கப்பட்டவர். கதைக்கு அவர் இன்றியமையாதவர் அல்லர். ஸ்டைல்ஸ் தன் அணியில் கடைசியாக வெளியேறுபவராக இருந்தால், பட்டத்துக்கான அடுத்த வாய்ப்பை உழைத்துப் பெற்றவராகிறார்.

புதுதில்லி: டிசம்பர் 9 அன்று மஹால் சாம்பியனாக வருகிறார். அமெரிக்காவில் ஹீலாக இருப்பவர் இங்கே கைதட்டல் பெறுவார். ஆகவே எதிராளி அவரைவிட வெறுக்கத்தக்கவராக இருக்க வேண்டும். ஸ்மாக்டவுனைச் சேர்ந்த கெவின் ஓவன்ஸ் அதற்குப் பொருந்துவார். வாராந்திரத் தொலைக்காட்சிக் கதையில் சேராத நேரடி நிகழ்ச்சி என்பதால், அங்கே மஹால் நேர்மையாக வென்றாலும் அமெரிக்கக் கதைக்குக் குந்தகம் இல்லை.

பாஸ்டன்: டிசம்பர் 17 அன்று ஸ்டைல்ஸ் மஹாலை வென்று பட்டம் பெறுகிறார்.

உண்மை வரலாற்றிலும் அந்த நாளில் ஸ்டைல்ஸே சாம்பியன். அதாவது இந்த மாதிரி, சேரும் இடத்தை மாற்றவில்லை. பட்டம் கைமாறும் நாளை 40 நாள் தள்ளிவைக்கிறது. மஹாலின் ஆட்சி 170 நாளுக்குப் பதில் 210 நாளாகிறது. தில்லி இரசிகருக்கு ஒரு சாம்பியன் கிடைக்கிறார். அதன்பின் 2018 ஏப்ரல் 8 அன்று ரெஸில்மேனியா 34-இல் நடந்த ஸ்டைல்ஸ் – நகமூரா போட்டிக்கும் தடையில்லை.

விலையும் பெரிது. லெஸ்னர் – ஸ்டைல்ஸ் போட்டி இல்லாமல் போகிறது. மான்செஸ்டர் அரங்கம் வரலாற்றுத் தருணம் ஒன்றை இழக்கிறது. ஹூஸ்டனில் பணம் கொடுத்து வந்தவர்கள் தகுதிநீக்க முடிவைப் பார்த்துக் கூச்சலிடக்கூடும். புதுதில்லியில் ஓர் இரவுக்காக இவ்வளவையும் கொடுக்கலாமா என்பதே உண்மையான கேள்வி. அதற்கு இரு தரப்பிலும் நியாயமான விடைகள் உண்டு.

முடிவை மட்டும் மாற்றினால் போதுமா

மஹாலின் ஆட்சி பற்றிய விமர்சனம் வெற்றி தோல்வியோடு நிற்கவில்லை. அவர் 'மகாராஜா' என்று பெயர் சூட்டப்பட்டு, தலைப்பாகையுடன் பஞ்சாபியில் பேசுபவராகவும் அமெரிக்கர்களைத் தாழ்வாகக் கருதுபவராகவும் காட்டப்பட்டார். அயல்நாட்டவரைக் கெட்டவராக்கும் பழைய அமெரிக்க மல்யுத்த வழக்கத்தின் தொடர்ச்சி இது. 2017 செப்டம்பரில் ஜப்பானியரான ஷின்சுகே நகமூராவின் தோற்றத்தையும் உச்சரிப்பையும் கேலி செய்யும் பேச்சு அவருக்கு எழுதித் தரப்பட்டது. அது இனவெறிப் பேச்சு என்று கண்டிக்கப்பட்டது. இந்திய இரசிகரைக் கவர உயர்த்தப்பட்ட பாத்திரத்தை, அந்த இரசிகரே பெருமையோடு ஆதரிக்க முடியாதபடி எழுதியது பெரிய முரண்.

ஆகவே, யார் வென்றார் என்பதை மாற்றும் மறு அட்டவணையைவிட, ஒரு பாத்திரம் எதற்காகப் போராடுகிறது என்பதை மாற்றும் மறு அட்டவணை ஆழமானது. வேலையை இழந்து, உடலைத் திரும்பக் கட்டியெழுப்பி, மீண்டு வந்து பட்டம் வென்ற ஒருவரின் கதை மஹாலிடம் உண்மையாகவே இருந்தது. தேசத்தைச் சொல்லிக் கூச்சலைத் தூண்டும் தேவை அதற்கு இல்லை.

விளையாட்டாகவும் பயிற்சியாகவும்

கற்பனை அட்டவணை கணினி விளையாட்டாகவும் வளர்ந்துள்ளது. ஆடம் ரைலண்ட் உருவாக்கிய 'எக்ஸ்ட்ரீம் வார்ஃபேர்', 'டோட்டல் எக்ஸ்ட்ரீம் ரெஸ்லிங்' ஆகியவற்றில் ஆடுபவர் மல்லராக அல்லாமல் புக்கராக இருப்பார். டபிள்யூ.டபிள்யூ.இ.யின் 'ஸ்மாக்டவுன் வெர்சஸ் ரா 2006' விளையாட்டில் வந்த 'ஜெனரல் மேனேஜர்' பகுதியும், 2022-இல் 'டபிள்யூ.டபிள்யூ.இ. 2கே22' வழியாக வந்த 'மை ஜி.எம்.' பகுதியும் இவ்வகையே. இவற்றில் சம்பளம், சோர்வு, காயம், பார்வையாளர் எண்ணிக்கை ஆகியவற்றைக் கவனித்துக் கார்டை அமைக்க வேண்டும்.

மாணவர்களுக்கு இது ஒரு நல்ல சிந்தனைப் பயிற்சியாகவும் அமையும். ஒரு முடிவை மாற்றினால் எவையெல்லாம் மாறும், எவை மாறாமல் நிற்கும் என்று பிரித்துப் பார்ப்பது வரலாற்றிலும் பொருளியலிலும் பயன்படும் முறை. கிரிக்கெட்டில் அணித் தேர்வைப் பற்றித் தேநீர்க் கடையில் நடக்கும் விவாதமும் இதன் உறவினரே. ஆனால் அங்கே வேறு அணி ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. மல்யுத்தத்தில் முடிவு ஒரு மனிதரின் தேர்வு என்பதால், அந்தத் தேர்வுக்குக் காரணம் கேட்க இரசிகருக்கு உரிமை இருக்கிறது.

பின்னர்

மஹால் 2018 ரெஸில்மேனியாவில் யுனைடெட் ஸ்டேட்ஸ் பட்டத்தை வென்று, எட்டே நாளில் ஜெஃப் ஹார்டியிடம் இழந்தார். 2024 சனவரியில் செத் ரோலின்ஸுடன் வேர்ல்டு ஹெவிவெயிட் பட்டத்துக்காக மோதித் தோற்றார். அதே ஆண்டு ஏப்ரலில் நிறுவனத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். டபிள்யூ.டபிள்யூ.இ. 2023 செப்டம்பர் 8 அன்று ஐதராபாத்தின் கச்சிபௌலி உள்ளரங்கில் நிகழ்ச்சி நடத்தியது. டபிள்யூ.டபிள்யூ.இ. பட்டத்துடன் மஹால் இந்தியக் கோதா ஒன்றில் இறங்கியது கற்பனை அட்டவணைகளில் மட்டுமே நிகழ்ந்தது.